தறிக்கணக்கு எழுதியதெல்லாம் அனுபவமா?

வட மாவட்டம் ஒன்றின் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பட்டு நெசவுக் குடும்பம். வீட்டில் முதல் பட்டதாரி. அடுத்த மாதம் அவருடைய கல்லூரிக்கு இரண்டு நிறுவனங்கள் ஆளெடுக்க வருகின்றன. ஒன்று தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு, இன்னொன்று வாடிக்கையாளர் சேவை மையம். ரெஸ்யூமேயுடன் வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் அறுபது ரூபாய் கொடுத்து ஒன்று அடித்து வாங்கியிருக்கிறார். “அதைப் படிச்சா அது நான்தானான்னு எனக்கே தெரியல மேடம்” என்கிறார்.

கடிதம் நான்கு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் தன்னிடம் இல்லாதவற்றை வரிசையாகச் சொல்கிறார். இன்டர்ன்ஷிப் செய்யவில்லை. ஆங்கிலம் சரளமாக வராது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முதலாம் ஆண்டில் இரண்டு அரியர். அந்தச் செமஸ்டரில் அம்மா மருத்துவமனையில் இருந்தார், பிறகு இவர் இரண்டையும் எழுதித் தேறிவிட்டார். பத்தாம் வகுப்பு கொரோனா ஆண்டு என்பதால் மதிப்பெண்ணே இல்லை. கூடப் படிக்கும் ஒருவர், 1,500 ரூபாய் கொடுத்தால் சென்னை நிறுவனம் ஒன்றின் பெயரில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். “எல்லாரும் வாங்குறாங்க. நான் மட்டும் வெறும் தாளோட போறதா?” என்று கேட்கிறார்.

நான்காம் பக்கத்தில், “இதெல்லாம் ரெஸ்யூமேல போடுற விஷயம் இல்லைன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்” என்று தொடங்கிச் சிலவற்றைச் சொல்கிறார். மாமாவின் மளிகை மண்டியில் இரண்டு ஆண்டுகளாக மாலை நேரத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுகிறார். பிளஸ் ஒன் படித்த காலத்திலிருந்து அப்பாவின் தறிக்கும் தெருவில் இன்னும் ஐந்து தறிகளுக்கும் பாவுக் கணக்கு (பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல்) எழுதுகிறார். என்எஸ்எஸ் முகாமில் சாப்பாட்டுச் செலவுக் கணக்கு இவர் பொறுப்பு. டைப்ரைட்டிங்கில் ஆங்கிலம் லோயரும் தமிழ் ஹையரும் முடித்திருக்கிறார். வீட்டில் பேசுவது தெலுங்கு.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை நான் நான்காம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் நிறுவனங்களுக்கு ஆளெடுக்கும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது இறுதியாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து ரெஸ்யூமே திருத்திக்கொண்டிருக்கிறேன். “என்கிட்ட எழுத ஒண்ணும் இல்ல” என்று வருகிற பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேசினால் ஒரு பக்கம் போதாமல் போகும். உங்களுக்கு அந்த ஒரு மணி நேரமும் தேவைப்படவில்லை. நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். அதற்கு மதிப்பில்லை என்ற முடிவையும் நீங்களே எடுத்திருக்கிறீர்கள், அதுதான் தவறு.

சம்பளச் சீட்டு இல்லாத வேலை

மாமா கடையில் மாதம் மூவாயிரம் கையில் கொடுக்கிறார், சீட்டு எதுவும் கிடையாது, அதனால் அது அனுபவம் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. வேலை நடந்ததா, அதை நீங்கள் செய்தீர்களா, கேட்டால் விளக்க முடியுமா, இவ்வளவுதான் கேள்வி. மண்டியில் நீங்கள் கொள்முதல் பில்லை டேலியில் ஏற்றுகிறீர்கள், விற்பனைக்கு ஜிஎஸ்டி பில் போடுகிறீர்கள், ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவம் தாக்கலாக வேண்டும் என்பதால் அதற்கு முன்பே விற்பனை விவரத்தை ஆடிட்டருக்கு அனுப்புகிறீர்கள். வகுப்பில் படித்த கணக்கியலை இரண்டு ஆண்டுகளாகக் கடையில் செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் இதைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

தறிக்கணக்கு இதையும்விடக் கனமானது. முதலாளி பாவு கொடுக்கும்போது பட்டு எத்தனை கிராம், ஜரிகை எத்தனை மார்க் (ஜரிகையை நிறுக்கும் எடை அளவு) என்று எழுதி வாங்குகிறீர்கள். புடவையை அறுத்துக் கொடுக்கும்போது அதன் எடையைக் கழித்து, மீதி நூல் எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று நேர் செய்கிறீர்கள். முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள், கூலி பாக்கி எவ்வளவு என்று ஆறு வீட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்கிறீர்கள். தொழிற்சாலையில் இதே வேலைக்கு மூலப்பொருள் இருப்புச் சரிபார்ப்பு என்று பெயர் வைத்து, பி.காம். முடித்தவர்களை அதற்கென்றே எடுக்கிறார்கள். இரும்புத் தகடாக இருந்தாலும் தோலாக இருந்தாலும் பட்டாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: உள்ளே போனது எவ்வளவு, பொருளாக வெளியே வந்தது எவ்வளவு, நடுவில் குறைந்தது ஏன்.

ஒருமுறை முதலாளியின் கணக்கில் ஒரே பாவு இரண்டு தடவை ஏறியிருந்ததையும், உங்கள் நோட்டைக் காட்டியபின் அப்பாவின் கூலியில் பிடித்திருந்த 4,200 ரூபாய் திரும்பக் கிடைத்ததையும் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் போய் அடைப்புக்குறிக்குள், “சின்ன விஷயம்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவுக்கு ஆளெடுக்கும் ஒருவர் உங்கள் ரெஸ்யூமேயில் முதலில் படிக்க வேண்டிய வரி அது.

பிரவுசிங் சென்டர் தாளில் என்ன இருக்கிறது பாருங்கள். ‘கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவர், விரைவில் கற்றுக்கொள்பவர்.’ இந்த மூன்றும் நான் பார்த்த ரெஸ்யூமேக்களில் பெரும்பாலானவற்றில் இருந்தன. எல்லோரும் சொல்வதால் அதைப் படிப்பவர் கண் அங்கே நிற்பதே இல்லை. செய்ததைச் சொன்னால் அந்தக் குணத்தைப் படிப்பவரே புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் நீங்கள் எழுத வேண்டியதை இங்கே தமிழில் சொல்கிறேன்:

‘ஆறு கைத்தறிகளுக்குப் பட்டு, ஜரிகை வரவு செலவையும் கூலிக் கணக்கையும் ஐந்து ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இருமுறை பதிவான ஒரு பாவைக் கண்டறிந்து 4,200 ரூபாய் பிடித்தத்தைத் திரும்பப் பெற உதவினேன்.’

‘மொத்த மளிகைக் கடையில் டேலி பிரைமில் கொள்முதல், விற்பனைப் பதிவுகள், மாதாந்திர ஜிஎஸ்டி விற்பனை விவரத் தயாரிப்பு. பகுதி நேரம், இரண்டு ஆண்டுகள்.’

‘என்எஸ்எஸ் சிறப்பு முகாமில் ஐம்பது பேருக்கு ஏழு நாள் உணவுச் செலவுக் கணக்கு, ஒதுக்கிய தொகைக்குள் முடித்து ரசீதுகளுடன் ஒப்படைத்தேன்.’

ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது. பெருமையடிக்கிற சொல் ஒன்றுகூட இல்லை. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது கூச்சமாக இருக்கிறது என்றீர்களே, இதில் கூச்சப்பட எதுவுமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: முதலாளியின் பெயரையும் அவர் கொடுக்கும் கூலி விகிதத்தையும் ரெஸ்யூமேயிலோ நேர்முகத்திலோ சொல்லாதீர்கள். அவர் தொழில் விவரம் அவருடையது. அதைக் காப்பாற்றுகிறவர் என்று தெரிவதும் கணக்குப் பிரிவில் உங்களுக்கு நல்லதே.

பிரவுசிங் சென்டர் தாளில் டைப்ரைட்டிங்கைப் பாட்டுக் கேட்பதற்கும் கோலம் போடுவதற்கும் பக்கத்தில் பொழுதுபோக்காகப் போட்டிருக்கிறார்கள். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45 சொல் என்ற வேகத்துக்கு அரசு நடத்தும் தேர்வு அது. மேலே கொண்டுபோங்கள்.

அந்த 1,500 ரூபாய்ச் சான்றிதழ்

வாங்காதீர்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் நிலையில் அது லாபமே இல்லாத வியாபாரம்.

முதலில் சட்டம். போலிச் சான்றிதழைத் தயாரிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். போலி என்று தெரிந்தே அதை உண்மையானது போலக் கொடுப்பதும் குற்றம். வாங்கித் தருகிற நண்பரின் பெயர் அந்தத் தாளில் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். அந்த நிறுவனம் உண்மையிலேயே இருந்து, அவர்களே காசு வாங்கிக்கொண்டு முத்திரை குத்தித் தந்தாலும், நீங்கள் செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்வது பொய்தான். வேலையில் சேர்ந்தபின் விவரங்களைச் சரிபார்க்கப் பல நிறுவனங்கள் வெளி முகமைகளை வைத்திருக்கின்றன. ஆறு மாதம் கழித்துக்கூட அனுப்பிவிடுவார்கள். அடுத்த இடத்தில் ‘ஏன் விலகினீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நேர்முகத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பையன் கணக்கியல் இன்டர்ன்ஷிப் சான்றிதழோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். இரண்டு மாதம் டேலியில் வேலை செய்ததாகத் தாள் சொன்னது. “கொள்முதல் பதிவுக்கு எந்த பட்டன் அழுத்துவீங்க?” என்று கேட்டேன். எஃப்9. கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தவருக்கு விரல் தானாகப் போகும். அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனுடைய உண்மையான வேலை பிற்பாடு பேசும்போது வெளியே வந்தது: ஊரில் பால் சொசைட்டியில் காலை நாலரை மணிக்குப் போய், பாலின் கொழுப்பு அளவைப் பார்த்து உறுப்பினர் வாரியாகப் பதிவு செய்துகொண்டிருந்தான், மூன்று ஆண்டுகளாக. அதை எழுதியிருந்தால் நான் எடுத்திருப்பேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்க முடியவில்லை. அவன் எழுந்து போனது இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவனும் ஒரு காரணம்.

அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வெறும் தாள் என்று நினைக்கிறீர்கள். சான்று வேண்டுமென்றால் உங்கள் மாமாவிடமே கேளுங்கள். கடையின் லெட்டர்ஹெட்டில், ஜிஎஸ்டி எண்ணுடன், எந்தத் தேதியிலிருந்து, எந்த நேரம், என்னென்ன வேலை என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். “உறவினர் கொடுத்தா நம்புவாங்களா?” என்று கேட்பீர்கள். உறவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி வேலையைப் பற்றித்தான் வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. என்எஸ்எஸ் திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியரிடமும் முகாம் பொறுப்பைப் பற்றி ஒரு கடிதம் வாங்கலாம். உண்மையாகவே இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை இருந்தால், மண்டிக் கணக்கைப் பார்க்கிற அந்த ஆடிட்டரிடமே தேர்வு முடிந்தபின் இரண்டு மாதம் வரட்டுமா என்று கேளுங்கள். உங்கள் வேலையை ஏற்கெனவே மாதாமாதம் பார்க்கிறவர் அவர்.

அரியரும் பத்தாம் வகுப்பும்

ஒன்றை எழுதாமல் விடுவதும் பொய் எழுதுவதும் ஒன்றல்ல. ரெஸ்யூமே நீதிமன்றத்தில் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் இல்லை. தேறிவிட்ட அரியரை அதில் எழுத வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆனால் நிறுவனம் தரும் படிவத்தில் ‘அரியர் இருந்ததுண்டா’ என்று தனிக் கட்டம் இருந்தால் ஆம் என்றுதான் நிரப்ப வேண்டும். சில நிறுவனங்கள் அதனாலேயே ஒதுக்கிவிடும், உண்மைதான். வருத்தமாக இருக்கும். ஆனால் மதிப்பெண் பட்டியலில் தேர்வு எழுதிய மாதமும் ஆண்டும் இருக்கும்; மறைத்தது அங்கே தெரிந்துவிடும். நேரில் கேட்டால் இரண்டு வாக்கியம் போதும்: “அந்தச் செமஸ்டர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தேன். அடுத்த தடவையே எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்.” அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கும் குரலில் விளக்கிக்கொண்டே போக வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பிரச்சினை உங்களுடையது மட்டுமல்ல. 2021-இல் பத்தாம் வகுப்பு படித்த தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் எல்லோருக்கும் பொதுத்தேர்வு இல்லாமல் தேர்ச்சி கொடுத்தார்கள். சான்றிதழில் தேர்ச்சி என்றுதான் இருக்கும். ரெஸ்யூமேயிலும் ‘2021, தேர்ச்சி (பெருந்தொற்றால் பொதுத்தேர்வு நடைபெறவில்லை)’ என்று எழுதிவிடுங்கள். சில இணையப் படிவங்கள் சதவீதத்தைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அந்த இடத்தில் உங்கள் தோழி செய்ததுபோல 90 என்று அடித்துவிடாதீர்கள். கல்லூரி வேலைவாய்ப்புப் பொறுப்பாளர் வழியாக நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொல்வதை நிரப்புங்கள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் 82 சதவீதம் என்கிறீர்கள், தாராளமாகப் போடுங்கள். கல்லூரிச் சராசரி அவ்வளவு இல்லை என்பதால், மேலே செய்த வேலைகளும் திறன்களும், கீழே படிப்பு என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த வரிசையும் சட்டமில்லை. நான் முதல்வன் திட்டத்தில் படித்த வங்கிச் சேவைப் பாடத்தை “எல்லாரும்தான் படிச்சாங்க” என்று விட்டிருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் எல்லோரும் படித்திருக்கலாம். ஆளெடுக்க வருகிறவருக்கு அது தெரியாது. அதில் என்ன கற்றீர்கள் என்று ஒரு வரி போதும்.

தாளிலிருந்து எடுத்துவிட வேண்டியவை

அப்பா பெயர், மதம், சாதி, ஆதார் எண், வீட்டுக் கதவு எண் ஆகிய எதுவும் ரெஸ்யூமேக்கு வேண்டாம். இவையெல்லாம் பயோடேட்டா காலத்துப் பழக்கம். நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் இன்னும் கேட்பதுண்டு. கேட்டால் அப்போது தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம். பத்து இடத்துக்குப் போகிற தாளில் அவ்வளவு விவரம் இருப்பது, அதுவும் ஒரு பெண்ணின் விவரம் இருப்பது, எனக்குச் சரியாகப் படவில்லை. ஊர், கைபேசி எண், உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் போதும். இப்போதிருக்கும் ‘ஏஞ்சல்’ முகவரியை மாற்றிவிடுங்கள். ‘சவாலான சூழலில் பணியாற்றி நிறுவன வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் குறிக்கோள்’ என்ற பத்தியையும் எடுத்துவிட்டு, என்ன வேலை தேடுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

ஒரு பக்கம். இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த வண்ண வடிவமெல்லாம் வேண்டாம். பெரிய நிறுவனங்களில் முதலில் மென்பொருள்தான் படிக்கிறது, கட்டங்களுக்குள் இருப்பது அதற்குச் சில சமயம் குழம்பிப்போகும். பிடிஎஃப் கோப்பாக, உங்கள் பெயரையே கோப்புப் பெயராக வைத்து அனுப்புங்கள். அச்சடித்த தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே தாளைக் கொடுக்காதீர்கள். தொழிற்சாலைக்குத் தறிக்கணக்கும் டேலியும் மேலே வரட்டும். வாடிக்கையாளர் சேவைக்கு மொழிகள், தட்டச்சு, மண்டியில் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பழகிய இரண்டு ஆண்டுகள் மேலே. வீட்டில் தெலுங்கு பேசுவதைச் சொன்னால் ‘லோக்கல்’ என்று நினைப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்த ஆளுக்கு அப்படிப்பட்ட மையங்களில் எப்போதும் தேவை இருக்கிறது. தயங்காமல் எழுதுங்கள்.

ஆங்கிலம்

‘சரளமான ஆங்கிலம்’ என்று அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை அழித்துவிட்டு, படிக்கவும் எழுதவும் தெரியும், பேசப் பழகிவருகிறேன் என்று எழுதுங்கள். முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடப்போவதை ஏன் தாளில் பொய்யாக்க வேண்டும்? தமிழ் வழியில் படித்ததை ரெஸ்யூமேயில் குறிப்பிடத் தேவையில்லை, மறைக்கவும் தேவையில்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. தகுதிக்கான படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பதால், உங்கள் பட்டப்படிப்பு எந்த வழி என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் வரும் பணிகளுக்கு உங்கள் பள்ளிச் சான்று உதவும். வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இலக்கணப் பிழை திருத்த வைத்துக்கொள்ளலாம். நீங்கள் செய்ததை முதலில் உங்கள் ஆங்கிலத்திலேயே, உடைந்த வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிவிட்டு அதைத் திருத்தச் சொல்லுங்கள். அது தரும் பதிலைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். உங்கள் வாயில் வராத சொல் எதுவோ அதை எடுத்துவிடுங்கள். எழுதச் சொல்லி அதன் கையிலேயே விட்டுவிட்டால், பிரவுசிங் சென்டர் தாள்தான் இன்னும் பளபளப்பாகத் திரும்பி வரும்.

வேலை தேடும் இந்தக் காலத்தில் இன்னொன்று: பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று முன்பணம் கேட்கிற எந்த வேலைக்கும் காசு கட்டாதீர்கள். இணையவழியில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்துகிற தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணமே கிடையாது. அடுத்த மாதம் வரும் இரண்டு நிறுவனங்களோடு நின்றுவிடாமல் அங்கேயும் போய் வாருங்கள்.

கடைசியாகக் கேட்டது: அப்பா நெசவாளர் என்று தெரிந்தால் மதிப்புக் குறையுமா? அப்பாவின் தொழிலுக்கு ரெஸ்யூமேயில் இடமே இல்லை, அதனால் எழுதுவதா மறைப்பதா என்ற கேள்வியே எழாது. ஆனால் “கணக்கு எங்க கத்துக்கிட்டீங்க?” என்று நேர்முகத்தில் கேட்டால், தறியிலிருந்தே தொடங்குங்கள். முடிந்தால் அந்த நோட்டையும் பையில் எடுத்துப் போங்கள். முதலாளி பெயர் எழுதிய அட்டையைத் தாளால் மூடிவிட்டு, கேட்டால் ஒரு பக்கத்தைக் காட்டலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வரைவை எழுதி அனுப்புங்கள். சேதாரம், பாவு, பிடித்தம் இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று திணறினால் அந்த வரிகளைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், சேர்ந்து மாற்றுவோம்.